பழைய புகாரும் பொதுவெளியும்: மயிலாப்பூர் பயிலரங்கு ஒன்றின் மதிப்பீடு

ஆண்டுகள் பல கடந்துபோன பாலியல் குற்றச்சாட்டு ஒன்றைப் பொதுவெளியில் எழுப்பலாமா, எழுப்புவதென்றால் எப்படி, அதை அச்சேற்றுபவருக்கும் பகிர்பவருக்கும் உள்ள பொறுப்பு என்ன என்பதையே பாடமாக வைத்து, மயிலாப்பூர் லஸ் முனைக்கு அருகில் இயங்கும் சட்ட ஆலோசனை அலுவலகம் ஒன்று ஒருநாள் பயிலரங்கு நடத்துகிறது. மதிய உணவும் கையேடும் சேர்த்துக் கட்டணம் 3,500 ரூபாய். சிற்றிதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் இருப்பவள் என்ற முறையில் நான் கலந்துகொண்டேன். நடன ஆசிரியர், கல்லூரிப் பேராசிரியர், முன்னாள் மேலதிகாரி என்று யாரோ ஒருவரைப் பற்றி, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வைச் சொல்லும் கடிதங்கள் எங்களைப் போன்ற இதழ்களுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அலுவலகத்தின் பெயரை இங்கே தரவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், அவற்றுக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முற்பகல் அமர்வுக்கு மட்டுமே கொடுத்த பணம் தகும். பிற்பகல் அமர்வு, எப்படிப் பேசினால் வழக்கில் சிக்காமல் தப்பலாம் என்பதைச் சொல்லிக்கொடுத்ததே தவிர, இது யாருடைய கதை, அதை எடுத்துப் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்விக்குள் நுழையவே இல்லை. என்னைக் கேட்டால் அறம் என்று இதில் ஏதாவது இருக்குமானால் அது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முற்பகலை நடத்தியவர் உயர் நீதிமன்றத்தில் நீண்ட காலமாக வழக்காடிவரும் பெண் வழக்கறிஞர். மடிக்கணினித் திரையில் படம் காட்டும் வழக்கமில்லாமல், சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார். பழைய புகார் ஏன் பொதுவெளிக்கு வருகிறது என்பதைக் காலவரம்புகளைக் கொண்டே அவர் விளக்கியது எனக்கு மிகவும் பயன்பட்டது. நம் ஊரில் இன்றும் 'விசாகா கமிட்டி' என்றே அழைக்கப்படும் உள்ளகப் புகார்க் குழுவிடம், 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதங்கள் நீட்டிக்கலாம், அதற்கு மேல் இல்லை. குற்றவியல் நடைமுறையிலோ, 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு. வல்லுறவுக்குக் காலவரம்பு கிடையாது. ஆகவே, அலுவலகத்திலும் ஒத்திகை அறையிலும் ஆய்வுக்கூடத்திலும் பெரும்பாலும் நடக்கிற, வல்லுறவு அளவுக்குப் போகாத, ஆனால் ஒரு பெண்ணைத் தன் துறையை விட்டே விரட்டக்கூடிய அத்துமீறல்கள் பலவும் அந்தக் காலவரம்புக்குள் முடங்கிவிடுகின்றன. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பேசுகிறவரிடம் 'முறையான இடத்தில் போய்ச் சொல்லியிருக்கலாமே' என்கிற நம்மில் பலருக்கு, அந்த முறையான இடம் எப்போதோ கதவடைத்துவிட்டது என்பது தெரிவதில்லை.

இன்னொரு முரணையும் அவர் எடுத்துக்காட்டினார். அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, குழுவிடம் தரப்பட்ட புகாரின் விவரத்தையும் இரு தரப்பினரின் அடையாளத்தையும் விசாரணை நடவடிக்கைகளையும் ஊடகத்துக்கோ பொதுமக்களுக்கோ வெளியிடக் கூடாது என்கிறது. முறைப்படி புகார் தந்தவரின் வாய் கட்டப்படுகிறது. புகாரே தராதவருக்கு அந்தக் கட்டு இல்லை.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பொன்றும் பேச்சில் வந்தது. கொல்கத்தாவில் உள்ள சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீது ஆசிரியை ஒருவர் தந்த புகார் காலவரம்பைக் கடந்துவிட்டது என்பதை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தம்முடைய தன்விவரக் குறிப்பில் சேர்த்தாக வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பலரும் இதைக் கேட்டுத் தலையசைத்தார்கள். எனக்கு அத்தனை நிம்மதியாக இல்லை. விசாரிக்கவும் முடியாது, மறக்கவும் விட மாட்டோம் என்று நீதிமன்றமே சொல்லும்போது, பொதுவெளியில் பெயர் சொல்கிற ஒரு பெண் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. பெண் செய்தால் அவதூறு வழக்கு பாய்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அவதூறு என்றதும் பத்திரிகையாளர் பிரியா ரமணி வழக்குக்கு வர வேண்டியிருந்தது. 1993இல் மும்பை விடுதி ஒன்றில் நடந்த வேலைநேர்காணலைப் பற்றி அவர் 2017இல் பெயர் குறிப்பிடாமல் எழுதினார். 2018 அக்டோபரில், நேர்காணல் செய்த அந்தப் பத்திரிகை ஆசிரியர் எம்.ஜே. அக்பர்தான் என்றார். அப்போது மத்திய இணையமைச்சராக இருந்த அக்பர் குற்றச்சாட்டை மறுத்தார், அவதூறு வழக்குத் தொடுத்தார், அமைச்சர் பதவியிலிருந்தும் விலகினார். 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும், தான் தேர்ந்தெடுக்கும் எந்த மேடையிலும் தன் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு கூறியது. அக்பர் மேல்முறையீடு செய்தார். இந்தத் தீர்ப்பை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று வழக்கறிஞர் எச்சரித்தது சரிதான். அது விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு. மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கும் கிரிமினல் அவதூறுக்கு 2 ஆண்டுகள் வரை சிறை உண்டு; சொன்னது உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். ரமணி விடுதலையானார் என்பது செய்தி. ஒரு கட்டுரைக்காகவும் ஒரு பதிவுக்காகவும் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றப் படியேறினார் என்பதும் செய்திதான். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்லி யாரையும் பேசத் தூண்டுவது நேர்மையாகாது.

அடுத்து வந்த பயிற்சிக்காகவே இந்தப் பயிலரங்கைப் பரிந்துரைக்கலாம். கற்பனையான ஒரு முகநூல் பதிவை அச்சிட்டு ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தார்கள். வில்லிவாக்கத்தில் 2009இல் ஒரு டியூஷன் சென்டரில் நடந்ததாக, அங்கே படித்த பெண் பின்னாளில் எழுதுவதாக அமைந்த பதிவு. கூடவே சிவப்பு, நீலம், பச்சை என மூன்று பென்சில்கள். எழுதியவர் தாமே பட்டதையும் பார்த்ததையும் சொல்லும் வாக்கியங்களைச் சிவப்பால் அடிக்கோடிட வேண்டும். பிறர் சொல்லக் கேட்டதை நீலத்தால். அவராக முடிவுகட்டியதைப் பச்சையால். கேட்க எளிது. 'அவர் என் நோட்டை வாங்கும் சாக்கில் கையைப் பிடித்தார்' என்பது சிவப்பு என்பதில் யாருக்கும் தகராறில்லை. 'அவர் எல்லாப் பெண்களிடமும் இப்படித்தான்' என்ற வாக்கியத்துக்குப் பாதிப் பேர் நீலமும் பாதிப் பேர் பச்சையும் தீட்டியிருந்தார்கள். 'இது எல்லோருக்கும் தெரியும்' என்ற வாக்கியத்துக்கு என்ன நிறம் என்று கேட்டபோது அறையில் பதிலே இல்லை. நம் பொதுவெளிப் பேச்சில் பெரும்பகுதி இந்தக் கடைசி வகை வாக்கியத்தால்தான் ஓடுகிறது என்பது தாளைப் பார்க்கும்போதுதான் உறைத்தது.

என் பக்கத்தில் இருந்தவர் ஒரு சபாவின் செயலாளர்; எழுபதை நெருங்கும் வயது. 'அன்று மாலை அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்' என்ற வாக்கியத்தை அவர் அடித்தே விட்டார். "இது எதுக்கு மேடம்? கேஸுக்கு ஒண்ணும் உதவாதே" என்றார். வழக்கறிஞர் சிரிக்காமல், "சார், குறுக்கு விசாரணையில முதல் கேள்வியே இதுதான் வரும். ஏன் அன்னைக்கே சொல்லலன்னு கேப்பாங்க. அவங்களாவே சொல்லிட்டா அது பலவீனமில்ல, அதுதான் நடந்தது" என்றார். செயலாளர் அடித்த வாக்கியத்தின் கீழே புள்ளிகள் வைத்து, திரும்பச் சேர்த்துக்கொண்டார். பதிவை மெருகேற்றுகிறோம் என்ற பெயரில் பத்திரிகைக்காரர்கள் முதலில் வெட்டுவதும் இப்படிப்பட்ட வாக்கியங்களைத்தான்.

மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிற்பகலில் பேசியவர் விளம்பரத் துறையிலிருந்து வந்த மக்கள் தொடர்பு ஆலோசகர். பதிவை எந்தக் கிழமையில் போடுவது, எந்த இதழாளரைக் குறிப்பிட்டுப் போடுவது, குற்றஞ்சாட்டப்படுபவருக்குப் படமோ கச்சேரியோ விருது விழாவோ வரும் வாரத்தைப் பார்த்துப் போட்டால் எத்தனை பேரைச் சென்றடையும் என்றெல்லாம் அடுக்கினார். 'இப்போது ஏன்?' என்று எதிர்த்தரப்பு கேட்கும் கேள்விக்குத் தீனி போடுவது போல் இருந்தது அந்த ஒரு மணி நேரம்.

அந்தக் கேள்வி எப்போதுமே தீய எண்ணத்தோடு கேட்கப்படுவது என்று நான் நினைக்கவில்லை. யாரைப் பார்த்துக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தன்னிடம் அத்துமீறிய ஆசிரியர் ஒரு மகளிர் கல்லூரிக்கு முதல்வராகப் போகிறார் என்ற செய்தியைப் படித்துவிட்டு ஒரு பெண் அன்று பேசினால், அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது அவரல்ல, செய்தி. அவரிடம் 'இப்போது ஏன்?' என்று கேட்பதற்கு ஒன்றுமில்லை. அதே குற்றச்சாட்டை, அந்தப் பெண்ணைக் கேட்காமலே, தேர்தல் நேரத்தில் ஒரு கட்சிக்காரர் மேடையில் எடுத்து வீசினால், அவரிடம் இந்தக் கேள்வியை உரக்கவே கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் நாம் கண்டுவருவது என்ன? ஒரு கவிஞர்மீதோ நடிகர்மீதோ சொல்லப்பட்ட பழைய புகார், அவர் எந்தப் பக்கம் சாய்ந்து பேசுகிறாரோ அதற்கு எதிர்ப்பக்கத்தாரின் கையில் மட்டும் ஆண்டுதோறும் உயிர்பெறுகிறது. தன் பக்கத்தவர் என்றால் அதே ஆள் 'நீதிமன்றம் சொல்லட்டும்' என்கிறார்.

2018 அக்டோபரில் பாடகி சின்மயி கவிஞர் வைரமுத்துமீது குற்றம் சாட்டினார். வைரமுத்து அதை மறுத்தார். அடுத்த மாதமே, சந்தா பாக்கி என்று காரணம் சொல்லி, டப்பிங் கலைஞர் சங்கம் சின்மயியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தப் பெயர்கள் அதன் பிறகு எத்தனையோ அரசியல் சண்டைகளில் கருங்கல்லாகப் பயன்பட்டுவிட்டன. சண்டை போட்டவர்களில் எத்தனை பேர் சின்மயிக்கு வேலை போனதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்? இதைப் பிற்பகல் அமர்வில் ஒருவர் கேட்டார். ஆலோசகர், 'அது அரசியல், நமது பாடத்துக்கு வெளியே' என்று தாண்டிப் போனார். அதுதான் பாடம் என்பது என் கருத்து.

சட்டமே இதைப் பற்றி ஓரளவு சொல்கிறது. வல்லுறவுக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது, நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரியது. உயிரோடிருக்கும் வயதுவந்த பெண் எழுத்துமூலம் சம்மதித்தால் வெளியிடலாம். எனவே ஒரு பெண் தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை நல்லெண்ணத்தோடு ஊருக்கே காட்டுகிற தோழி, குற்றவாளியை அம்பலப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு தானே குற்றம் செய்யலாம். முற்பகலில் இதை இரண்டே வாக்கியங்களில் கடந்துவிட்டார்கள். குறைந்தது அரைமணி நேரமாவது தந்திருக்க வேண்டும். ஏனென்றால் அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர். பத்திரிகைக்காரர், பள்ளி நிர்வாகி, நிறுவன மனிதவள அதிகாரி, சபாக்காரர் என்று எல்லாரும் பிறருடைய கதையைக் கையில் வாங்கும் இடத்தில் இருப்பவர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் சம்மதம் என்ற அளவுகோல் மாறும். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைமீதான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. 2021 மே மாதம் கே.கே. நகரில் உள்ள பள்ளியொன்றின் முன்னாள் மாணவிகள் தங்கள் பள்ளி நாட்களின் அனுபவங்களைச் சமூக ஊடகத்தில் எழுதியதைத் தொடர்ந்து ஆசிரியர் ஒருவர் கைதானார்; அதையொட்டி வேறு பள்ளிகளிலிருந்தும் புகார்கள் கிளம்பின. பழைய மாணவிகள் அன்று பேசாமலிருந்திருந்தால், வகுப்பில் இருந்த மாணவிகளுக்கு வேறு யார் பேசியிருப்பார்கள் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆபத்து இன்னும் நடப்பில் இருக்கிறது என்பது பழைய புகாருக்கு வலுவான நியாயம். ஆனால் காவல் துறைக்குத் தெரிவிப்பது வேறு, ஊருக்குத் தெரிவிப்பது வேறு. முதலாவது கடமை, இரண்டாவதற்கு, இன்று வளர்ந்துவிட்ட அந்தப் பெண்ணின் விருப்பத்தைத்தான் கேட்க வேண்டும்.

அமைப்புகள் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் விவாதம் சூடுபிடித்தது. 2018 மார்கழி சீசனுக்கு முன்பு, குற்றஞ்சாட்டப்பட்ட கலைஞர்கள் சிலரை மியூசிக் அகாடமி தன் நிகழ்ச்சிகளிலிருந்து நீக்கியதைச் சபா செயலாளர் பாராட்டினார். விசாரணை இல்லாமல் நீக்கலாமா என்று மனிதவள அதிகாரி ஒருவர் எதிர்த்தார். மேடை தருவது ஒரு சபாவின் விருப்பம், வேலையைப் பறிப்பது போன்றதல்ல என்ற செயலாளரின் வாதம் எனக்கு ஏற்புடையதாகவே இருந்தது. ஆனாலும் நீக்கும் முன் அந்தக் கலைஞரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பதில் யாருக்கும் நட்டமில்லை. 2017இல் கல்வியாளர்கள் பலரின் பெயர்களோடு முகநூலில் வெளியான பட்டியலின் சிக்கலும் அதுவே. என்ன நடந்தது என்ற விவரமில்லாத பெயருக்கு, குற்றமற்றவர் என்ன பதிலை எழுத முடியும்? பெண்ணிய இயக்கத்தின் மூத்தவர்கள் சிலரே அந்தப் பட்டியலை எதிர்த்து அறிக்கைவிட்டார்கள். இளையவர்கள் பலர் அவர்களைத் துரோகிகள் என்றார்கள். இரு தரப்பையும் புரிந்துகொள்ள முடிகிறது. என் இதழில் அப்படியொரு பட்டியலை வெளியிட மாட்டேன்.

கேரளத்தில் மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலை பற்றி 2019இல் அரசிடம் தரப்பட்ட ஹேமா குழு அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில் தென்னிந்திய நடிகர் சங்கம் தீர்மானம் போட்டது: குற்றம் நிரூபணமானால் ஐந்தாண்டுத் தடைக்குப் பரிந்துரை, பாதிக்கப்பட்டவர்கள் ஊடகத்திடம் பேசாமல் சங்கத்தின் குழுவிடம் வர வேண்டும். முதல் பாதியை ஆலோசகர் மெச்சினார். இரண்டாவது பாதி என்னை உறுத்தியது. நம்பிக்கை தரும்படி செயல்பட்டுக் காட்டிய பிறகு ஒரு குழு 'எங்களிடம் வாருங்கள்' என்று அழைக்கலாம். காட்டுவதற்கு முன்பே 'வெளியே பேசாதீர்கள்' என்று சொல்லக் கூடாது.

இறந்துபோனவரைப் பற்றிய கேள்வியைப் பரதநாட்டியக் கலைஞர் ஒருவர் எழுப்பினார். குரு காலமாகிவிட்டார், நூற்றாண்டு விழா எடுக்கப்போகிறார்கள், மலரில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள், என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றார். குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் இறந்தவர்மீதும் அவதூறு பொருந்தும் என்ற சட்டத்தை வழக்கறிஞர் சொன்னார். அத்தோடு விடாமல், "அம்மா, புகழ்ந்து எழுத மாட்டேன்னு சொல்றதுக்கு எந்தச் சட்டமும் தடையில்லை" என்றார். அன்றைய நாளில் நான் கேட்ட மிக நல்ல ஆலோசனை அது. பேசுவதற்கும் மௌனத்துக்கும் நடுவே, மறுப்பது என்று ஒரு வழி இருப்பதைப் பிற்பகலின் பட்டியல்கள் எதுவும் காட்டவில்லை.

கையேடு ஏமாற்றம். நூறு பக்கத்துக்கும் மேல் ஆங்கிலம். கடைசியில் சில பக்கங்கள் மட்டும் தமிழ்ச் சுருக்கம், அதுவும் அரசாணை நடையில். வீட்டு வேலை செய்யும் பெண்களும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளில் உள்ளவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம் என்ற அடிப்படைத் தகவல்கூட அந்தச் சுருக்கத்தில் விடுபட்டிருக்கிறது. அவர்களுடைய பழைய புகார்களை அச்சிட எந்த இதழும் வரிசையில் நிற்பதில்லை. புகழ்பெற்றவரைப் பற்றியதாக இருந்தால்தான் அது 'பொது நலன்' என்று நாமே ஒரு வரையறை வைத்திருக்கிறோம். கையேடும் அதையே பின்பற்றுகிறது.

பத்திரிகை, பள்ளி, சபா, நிறுவனம் எதிலாவது பொறுப்பில் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். மூன்று நிறப் பென்சில் பயிற்சியை அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுவரலாம். தனக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த அறையைப் பரிந்துரைக்க மாட்டேன். உளவியல் ஆலோசகர் யாரும் அங்கே இல்லை. பதிவு சரியாக இருக்கிறதா என்று பலர் முன்னிலையில் அலசப்படுவதைத் தாங்கும் நிலையில் எல்லாரும் இருப்பதில்லை. அவர்கள் அந்த வழக்கறிஞரைத் தனியே பார்ப்பது நல்லது. அதற்கு நேரம் ஒதுக்குகிறார். லஸ் பகுதியில் மெட்ரோ வேலை நடப்பதால் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம். பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி நடப்பதே உத்தமம். மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் சொல்வதில்லை.